மழைக்கும் வெயிலுக்கும் ஒரே நான்கு டயர்கள்

1. செத்த டயர்கள்

டயர் கம்பெனியின் மலாக்கா கிளையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் மேலதிகாரி அருளையா டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் அளக்கும் ஒரு டிரெட் கேஜையும் ஒரு டார்ச் லைட்டையும் என் மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டுதான் பேசுவார்.

"தம்பி, இஞ்ச வாற டயர் எல்லாம் செத்த டயர். என்னத்தால செத்தது எண்டு எழுதிறதுதான் உம்மட வேலை. ஆர் சாகடிச்சது எண்டு எழுதப்படாது."

க்ளெய்ம் பரிசோதகர் என்பது பதவியின் பெயர். டயர் சரியில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், அதை அறுத்துப் பார்த்து, குறை தயாரிப்பில் வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று அறிக்கை தர வேண்டும். ஆணி, கல், குறைந்த காற்று, அதிக பாரம் எல்லாவற்றுக்கும் ஃபாரத்தில் கட்டம் உண்டு. மனிதர்களுக்குக் கட்டம் கிடையாது. ஓய்வு பெறும்வரை அந்த விதியை நான் மீறவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மீறச் சொல்லி ஒரே ஒருவர்தான் கேட்டார்.

2. வெயில் டயர்

அவர் பெயர் சுகுமாரன். குருபோங் தொழிற்சாலை ஒன்றில் மின்பிரிவு மேற்பார்வையாளர். வீடு ரெம்பியாவில். என் வேலையின் கடைசிக் காலத்தில் ஒரு நாள், வெடித்த டயர் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கவுண்டரில் போட்டார்.

"சார், மொதல்ல டயர் வெடிச்சிருச்சி. அதுக்கப்புறந்தான் காடி சுத்துச்சி."

காடி என்றால் இங்கே கார். டார்ச்சை எடுத்து உள்ளே பார்த்தேன். காற்று போன பிறகும் உருண்ட டயருக்குள் ரப்பர் கறுப்புத் தூளாக உதிர்ந்து கிடக்கும். இதில் உள்பக்கம் சுத்தமாக இருந்தது. பக்கச்சுவரில் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரே வெட்டு. வெட்டுக்குள் சிமெண்டுப் பொடி.

"காடி சுத்தி, லோங்காங் கல்லுல இடிச்சப்பதான் இது வெடிச்சிருக்கு," என்றேன். லோங்காங் என்பது சாலையோரச் சாக்கடை.

"நான் உள்ளுக்கு இருந்தேன் சார். நீங்க இருந்தீங்களா?"

நான் இருக்கவில்லை. டயர் இருந்தது.

அது செமி ஸ்லிக் வகை. பார்க்கப் பந்தய டயர் மாதிரி இருக்கும், ஆனால் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. காம்பவுண்ட் என்னும் ரப்பர் கலவை மென்மையானது, நகத்தால் அழுத்தினால் தடம் விழும். காய்ந்த சாலையில், சூடேறிய பிறகு, அதன் பிடிப்புக்கு ஈடு கிடையாது. அந்தப் பிடிப்புக்காகவே அதில் வரிப்பள்ளங்களைக் குறைத்து வைத்திருப்பார்கள். பள்ளம்தான் தண்ணீர் வெளியேறும் வழி. வழி போதாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். அதன் பிறகு ஸ்டியரிங் ஓட்டுநரின் மனத் திருப்திக்கு மட்டும்தான்.

சுகுமாரன் வீடியோக்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த டயர். எல்லா வீடியோவிலும் நல்ல வெயில் அடித்திருக்கிறது. மலாக்காவில் மதியத்துக்கு மேல் மழை வரும் என்பதை அவற்றை எடுத்தவர்கள் அறிய வாய்ப்பில்லை. ஒரு சனிக்கிழமை மனைவியோடு கோலா சுங்கை பாருவுக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வளைவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கார் இரண்டு சுற்றுச் சுற்றிச் சாக்கடையில் இறங்கியது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. மனைவி மல்லிகாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

டிரெட் ஆழத்தை அளந்தேன். சட்டத்துக்குத் தேவையானது இருந்தது. தயாரிப்புக் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப தப்பு யாருதுன்னு எழுதுங்க சார்."

"அதுக்கு என் ஃபாரத்துல கட்டம் இல்ல."

அவர் போகவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குரலை இறக்கினார்.

"எனக்கு நஷ்ட ஈடெல்லாம் வேணாம் சார். ஆஸ்பித்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து அவ என் காடியில ஏற மாட்டேங்குறா. அலோர் காஜாவுல வேல. மழையில ரெயின்கோட்டு மாட்டிக்கிட்டு மோட்டோர் சைக்கிள்ல போறா. டயர்தான் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா ஏறிருவா."

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. அவர் தலைமையகத்துக்கு எழுதினார். மறு பரிசோதனை செய்யச் சொல்லி அதே டயர் என்னிடமே திரும்பி வந்தது. நடைமுறை அப்படி. அதையே மறுபடியும் எழுதினேன்.

3. போர்ச்சில் கிடந்தது

ஓய்வு பெற்றேன். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிறுதோறும் அழைத்து, சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா, கேட்டைப் பூட்டினேனா என்று வரிசையாகக் கேட்டு முடிப்பான். சர்வீஸ் சென்டரில் இதைவிட நிதானமாகக் கேட்பார்கள்.

குருபோங்கில் என் வீட்டு கேட் மணியை அடிப்பவர்கள் இரண்டு வகை. மீட்டர் பார்க்க வருகிறவர்கள், வீடு மாறி வந்தவர்கள். ஒரு நாள் மணி அடித்தது. சுகுமாரன் நின்றிருந்தார், அதே டயரோடு.

"இப்ப நீங்க கம்பெனி ஆள் இல்லதானே அண்ணே? இப்ப சொல்லலாம்லா."

சாராக இருந்த நான் அண்ணனாகிவிட்டேன். மைலோ கலக்கிக் கொடுத்தேன். டயரை மறுபடியும் பார்த்தேன். அது தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு சம்பளம் வாங்கும் வாரத்தில் ஒரு தடவை வருவார். டயரை என் போர்ச்சிலேயே விட்டுவிட்டார். பேச்சு எப்போதும் அதிலேயே தொடங்கும். பக்கச்சுவரின் பலம், சாலைப் பராமரிப்பு இலாகாவின் யோக்கியதை, அன்றைய மழையின் அளவு. நான் மறுப்பேன். அவர் கிளம்பும்போது, "அடுத்த தடவ இதுக்குப் பதில் சொல்லுங்க," என்பார். டெங்கி சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி, டயருக்குள் தண்ணீர் நின்றால் அபராதம் என்று எச்சரித்தார். தூக்கிப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய் அதைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றினேன்.

4. நிபந்தனை

போன மழைக்காலத்துக்கு முன்னால் மல்லிகா தனியாக மோட்டாரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே டயரைப் பார்த்தார்.

"இதுதானா அண்ணே அது?"

"ஆமா."

"டயர்ல தப்பில்லன்னு எழுதுனது நீங்கதானே?"

"ரெண்டு தடவ."

"நல்லது. எங்க வீட்டுல இந்த டயர் பேசுற பேச்சு எனக்கு மனப்பாடம். ரோடு தப்பு, மழ தப்பு, கம்பெனி தப்பு. அன்னிக்கு அந்த வளைவுல, 'மெதுவா போங்க, மெதுவா போங்க'ன்னு ரெண்டு தடவ சொன்னேன். அத மட்டும் அவரு யார்கிட்டயும் சொல்றதில்ல. ஒங்ககிட்ட சொன்னாரா?"

சொன்னதில்லை.

"மக கோலா சுங்கை பாருவுல வாக்கப்பட்டிருக்கா. தலப்பிரசவம். நான் போய் இருக்கணும். மழ காலம் வருது அண்ணே, மூட்ட முடிச்சோட மோட்டோர்ல போவ முடியாது. அவரு காடிக்கு நீங்க டயர் பொறுக்கிக் குடுங்க. ஏறுறேன்."

"டயர் மாத்துனா போதுமா?"

"போதாது," என்றார். "ஆனா அவரு ஒங்க பேச்சதான் கேக்குறாரு. திட்டிக்கிட்டே கேக்குறாரு."

5. மூன்று டயர்

குருபோங் தொழிற்பேட்டைச் சாலையில் செல்வா என்பவரின் டயர் கடைக்கு மூவரும் போனோம். மூன்று வகை டயர்களை வரிசையாக நிறுத்தினார். சுகுமாரன் நேராகச் செமி ஸ்லிக்கிடம் போய் நகத்தால் அழுத்திப் பார்த்தார். ஒரு கூடை எலும்பு முறிந்தாலும் இவர் கையைத் திருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"அங்கிள், இது புங்ஙா அழகு, பாருங்க," என்று செல்வா இன்னொன்றை உருட்டினார். டயர் வரிகளை இங்கே மலாயில் புங்ஙா, பூ என்பார்கள். பூவைப் பார்த்து டயர் வாங்குவதும் இங்கே வழக்கம்தான். அந்தப் பூவில் குறுக்கே மின்னல் மாதிரி கோடுகள் நிறைய இருந்தன. தண்ணீரை வெளியேற்றும் நெடுக்குப் பள்ளங்கள் ஒல்லியாக இருந்தன.

மூன்றாவதை எடுத்தேன். இதுவும் பெர்ஃபார்மன்ஸ் டயர்தான், ஆனால் தெருவுக்குச் செய்தது. அகலமான நான்கு நெடுக்குப் பள்ளங்கள். வளைவில் நெளியாதபடி வெளித்தோள் கட்டியாக இருந்தது. ஈரப் பிடிப்புக்கு லேபிளில் ஏ தரம். சிலிக்கா கலந்த காம்பவுண்ட்; நனைந்த தாரிலும் பிடிக்கும். பக்கச்சுவரில் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் படித்தேன். புதியது. நான்குக்கும் படித்தேன். செல்வா பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு மட்டும் மாத்துவோமா அங்கிள்? முன் சக்கரந்தானே இழுக்குது. முன்னுக்குப் புதுசு போட்டா போதும்லா."

மலாக்கா மாநிலம் முழுக்க இந்த நம்பிக்கை உண்டு. முன்னால் புதிதும் பின்னால் தேய்ந்ததும் இருந்தால், மழையில் முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். சுகுமாரன் விஷயத்தில் நான்கும் வேண்டும்.

"நாலு," என்றேன்.

"இது வெயில்ல அந்த அளவு பிடிக்குமா அண்ணே?" சுகுமாரனின் கண் இன்னும் செமி ஸ்லிக்கில் இருந்தது.

"அந்த அளவு பிடிக்காது."

"எவ்வளவு கம்மி?"

"பந்தயத்துல தோத்துருவீங்க. மீன் வாங்கப் போற ஆளுக்குத் தெரியாது."

செல்வா சிரித்தார். மல்லிகா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைத்தான் கேட்டார், கணவரைப் பார்த்துக்கொண்டே.

"மழையில அண்ணே?"

"மழையில இந்த மூணுல இதான் நல்லது. ஆனா தண்ணி தேங்குன எடத்துல வேகமா எறங்குனா எந்த டயரும் மெதக்கும். வேகத்த டயர் கொறைக்காது."

இது தொழில்நுட்பக் குறிப்பு மட்டுமே. அருளையா உயிரோடு இருந்தாலும் ஆட்சேபித்திருக்க மாட்டார். ஏர் கம்ப்ரஸர் ஓடி நின்றது. சுகுமாரன் செமி ஸ்லிக்கை இரண்டு கையாலும் தூக்கி, அது இருந்த அடுக்கிலேயே வைத்தார்.

"அன்னிக்கு நான் கொறைக்கல," என்றார் டயரிடம். பிறகு திரும்பினார். "நீ சொன்ன. ரெண்டு தடவ சொன்ன. நான் கொறைக்கல மல்லிகா."

மல்லிகா கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுந்து வந்து, மூன்றாவது டயரின் பள்ளத்தில் விரலை வைத்து ஆழம் பார்த்தார்.

"இதையே போடுங்க செல்வா," என்றார்.

6. பின் சீட்டு

அலைன்மென்ட், பேலன்சிங் முடியும் நேரத்தில் மழை பிடித்தது. புது டயரின் மேல், அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுக்கல் படலம் இருக்கும். அது தேயும்வரை நிதானமாக ஓட்ட வேண்டும் என்றேன். "நீங்களும் வாங்க அண்ணே," என்று மல்லிகா முன் கதவைத் திறந்து ஏறினார். நான் பின்னால் ஏறினேன்.

தொழிற்பேட்டைச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் தண்ணீரை வாரி அடித்தன. மழையின் முதல் பத்து நிமிடம்தான் மோசம். லாரி சிந்திய எண்ணெயெல்லாம் அப்போதுதான் மேலே மிதக்கும். அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. சுகுமாரன் சாலையில் தேங்கிய குட்டைக்கு வெகு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் அசரவில்லை. மல்லிகா கதவின் மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டாவது சிக்னலில் அந்தக் கை கீழே இறங்கி மடியில் கிடந்தது. மகளுக்குப் பத்தியச் சாமான் எங்கே வாங்குவது என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். ஒரு குடும்பத்தின் பேச்சுக்குப் பின்னால் நான் உட்கார்ந்து வெகு காலமாகிறது. டயரின் நடத்தையைக் கவனிப்பதுபோல் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை வீட்டில் இறக்கிவிட்டு, சுகுமாரன் போர்ச்சில் கிடந்த டயரைத் தூக்கிக் காரின் பின்னால் போட்டுக்கொண்டார்.

"இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல அண்ணே."

சிமெண்டுத் தரையில் ஒரு கறுப்பு வளையம் மட்டும் மிச்சம். அடுத்த வாரம் முழுக்க மழை. ஒரு நாள் மழை விட்டதும் பழக்கத்தில் வெளியே வந்து, அந்த வளையத்தின் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன். புகார் வந்தால்தான் என்னைப் போன்றவர்களைத் தேடி ஆள் வரும். சரியாகத் தேர்ந்தெடுத்த டயரைப் பற்றிப் பேச யாரும் வருவதில்லை. வேலையில் இருந்தபோது இதை நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு மாலை, கோலா சுங்கை பாருவிலிருந்து மல்லிகா அழைத்தார்.

"பேத்தி அண்ணே. நல்லா இருக்கா. டயருதான் கொஞ்சம் சத்தம் போடுது. அந்தப் பழசு இப்பிடிச் சத்தம் போடாதுன்னு இவரு சொல்லிக்கிட்டே இருக்காரு."

பின்னால் சுகுமாரனின் குரல் கேட்டது: "இதுக்கு அவரு என்ன பதில் சொல்றாருன்னு கேளு."

இளையவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஈரப் பிடிப்பை முதலில் பாருங்கள், காய்ந்த பிடிப்பை அடுத்துப் பாருங்கள், பூவைக் கடைசியில் பாருங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். அகலமான பள்ளம் உள்ள டயர் கொஞ்சம் இரையும், அது குறையில்லை. டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போட்டுவந்தால் சத்தம் கூடாமல் இருக்கும். எங்கள் கம்பெனியின் கையேட்டில் அதற்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று இருக்கும்.

"ஐயாயிரத்துக்கு ஒரு தடவ வண்டியக் கொண்டாந்து காட்டணும்," என்றேன் மல்லிகாவிடம். "ரெண்டு பேரும் வரணும். பேத்தியையும் கூட்டிட்டு வாங்க, பாரம் சேத்துப் பாக்கணும்."