ஈப்போவில் இருபத்தோரு கிலோமீட்டரும், அதற்குப் பிறகு நாற்பத்தாறு நிமிஷமும்

போன மாதம் ஈப்போ பக்கம் ஓடப் போனோம். பெயர் கொடுத்தது நான்தான், அதனால் யார் மேலும் பழி போட முடியாது. வயது நாற்பத்தேழு. ஐந்து வருஷமாக ஓடுகிறேன். அரை மாரத்தான் நான்கு முறை ஓடி, ஒன்றைக்கூட மூன்று மணி நேரத்துக்குள் முடித்ததில்லை. என்னால் முடிந்தது மூன்று மணி ஆறு நிமிஷம். இந்த ஓட்டத்திலோ மூன்று மணி நேரம் தாண்டினால் பதக்கம் கிடையாது. இதை மட்டும் நேரத்துக்குள் முடித்துவிட்டு, இதோடு போதும் என்று ஓட்டத்தை விட்டுவிடலாம் என்று எழுபத்தைந்து மலேசிய வெள்ளி கட்டினேன். உண்மையைச் சொன்னால் ஓடி ஓடி அலுத்துப்போய்விட்டது. கால் நகம் இரண்டு கறுத்து விழுந்துவிட்டன, நாலரை மணி அலாரம் கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் சேவியரும் பெயர் கொடுத்தார். டாக்டர் சர்க்கரை என்று பயமுறுத்திய வாரத்தில் இருவரும் ஒன்றாகத்தான் ஓட ஆரம்பித்தோம். ஆறே மாதத்தில் அவர் வேகம் பிடித்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து நான் முக்கி முனகி வந்து சேரும்போது, கூடாரத்தில் காலணியைக் கழற்றிப்போட்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட முடிவுக்கோட்டில் வந்து நின்றதில்லை. கேட்டால், "நீ எப்ப வருவன்னு யாருக்குலா தெரியும்?" என்பார். யார் யாரோ கை தட்டுவார்கள், சொந்தப் புருஷன் இருக்க மாட்டார். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

போன வருஷம் அவருடைய முழங்கால் போய்விட்டது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கூடவே கூடாது என்று பிசியோ பார்த்த பெண் சொன்னாள். மனுஷன் கேட்டால்தானே!

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிள்ளானிலிருந்து காரில் புறப்பட்டோம். சுமார் 230 கிலோமீட்டர். வழியில் ஒரு இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டு, ஈப்போ சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். எண் அட்டை வாங்கும் வரிசையில் நாற்பது நிமிஷம் போனது. ஞாயிறு விடியற்காலையில் ஓட்டம் என்பதால் சனி மாலையே சர்ச் பூசைக்குப் போய்விட்டோம், ஓடுகிற வேதக்காரர்கள் பலர் அப்படித்தான். பழைய டவுனில் தங்கும் அறை 128 வெள்ளி. மெத்தை சுமார், குளிரூட்டி நன்றாக வேலை செய்தது. இரவுச் சாப்பாடு தவுகே என்கிற முளைப்பயறு போட்ட கோழியும் சோறும், இருவருக்கும் 34 வெள்ளி. ஓட்டத்துக்கு முந்தின இரவு காரச் சம்பல் வேண்டாம் என்று என்னைத் தடுத்துவிட்டு அவர் மட்டும் தொட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு எழுந்து, நாலே காலுக்குக் கிளம்பி, ஓட்டம் நடக்கிற, 24 கிலோமீட்டர் தள்ளி இருந்த தோட்டத்துக்கு நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இரவு பெய்த மழையில் திடல் முழுக்கச் சேறு. கார் நிறுத்த வழி காட்டியவர் டார்ச்சை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இங்க விட்டா மாட்டிக்கும்லா. அந்தக் கோயில் பக்கம் போங்க, அங்க கெட்டி மண்ணு."

ஐந்தரைக்குப் புறப்பாடு. வரிசையில் நிற்கும்போது சேவியர் சொன்னார், "இன்னைக்கு உன்கூடவே வாரேன்." பாசமெல்லாம் இல்லை, முழங்கால்தான் காரணம். தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முதல் ஏழு கிலோமீட்டர் இருட்டில், எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. தலையில் கட்டும் விளக்கு இல்லாமல் போகாதீர்கள், பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. எட்டாவது கிலோமீட்டரில் முதல் ஏற்றம். சேவியர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, "தோள இறக்கு, கைய ஆட்டாத, மூச்ச விடு" என்று ஓயாமல் பாடம் நடத்தினார். "மூச்சு விடத்தானே ஓடுறேன், கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்றேன். பின்னால் வந்த சீனப் பையன்கள் மொழி புரியாமலேயே சிரித்தார்கள்.

பதின்மூன்றாவது கிலோமீட்டரில் அவர் நின்றுவிட்டார். மணி ஏழு பதினெட்டு. அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. தண்ணீர் கொடுக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்ற முடியாமல், முகம் வெளுத்துப்போய் நின்றார். என் கடிகாரத்தின்படி இதே வேகத்தில் போனால் மூன்று மணி நேரக் கெடுவுக்கு மூன்று நிமிஷம்தான் மிச்சம்.

"நீ போ," என்றார்.

"நீங்க?"

"நான் பாத்துக்கிறேன். போலா, டைம் போவுது!"

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண், "அக்கா, நாங்க இருக்கோம். பின்னாடி லாரி வரும், ஏத்தி விட்டுடுறோம்" என்றாள். போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

பதினைந்துக்கும் பதினேழுக்கும் இடையில் கொஞ்சம் ரப்பர் பால்மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கூரை போன பழைய தொழிலாளர் லயன் வீடுகளின் முன்னால் நிறைய பேர் நின்று படம் எடுத்தார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பதினேழில் இரண்டாவது ஏற்றம், அங்கே நடந்துதான் ஏறினேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் நிழலே கிடையாது. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. ஆண்டவரே, இதைக் காசு கொடுத்தா செய்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிஷம். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், பசிதான் வந்தது.

நேராகக் கூடாரத்துக்குப் போனேன். காலணியைக் கழற்றி, பொட்டலத்தைப் பிரித்து, நானும் சொகுசாக உட்கார்ந்தேன். அவர் லாரியில் வந்து இறங்கி என்னைத் தேடட்டும், எப்படி இருக்கும் என்று தெரியட்டும். வன்மம்தான், மறைப்பானேன். ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எட்டு முப்பத்தைந்துக்கு எழுந்து, வெறும் காலோடு முடிவுக்கோட்டுக்கு வந்தேன்.

எட்டு ஐம்பதுக்கு லாரி வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். அவர் இல்லை.

"நீலச் சட்டை போட்ட ஆள் ஒருத்தர்..." என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"அவரா? ஏற மாட்டேன்னு ஒரே பிடிவாதம்க்கா. நடந்தே வாரேன்னுட்டாரு. மோட்டார்ல ஒருத்தன் பின்னாலயே வாரான், பயப்படாதீங்க."

ஒன்பது மணிக்கு முடிவுக்கோட்டில் ஊதி நிறுத்தியிருந்த வளைவின் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். இருபத்தோரு கிலோமீட்டர் ஓடிய காலோடு வெயிலில் நிற்பது ஓடுவதைவிடக் கொடுமை. ஒன்பது இருபத்தொன்றுக்குப் பாதைத் திருப்பத்தில் அவர் தெரிந்தார். சர்க்கஸ் யானை மாதிரி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். கோட்டில் வேறு ஆள் யாரும் இல்லை. நான் மட்டும் பைத்தியம் மாதிரி கை தட்டினேன்.

"நீ என்ன இங்க நிக்கிற? கால் வலிக்கலயா?"

"வலிக்குது."

"எவ்ளோ நேரமா?"

"நாப்பத்தாறு நிமிஷமா."

அவர் என் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்து, முடித்த நேரத்தைக் கேட்டார். சொன்னேன். கை குலுக்கினார். இருபத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்திய பெண்டாட்டிக்கு, ஆபீஸ் ஆளுக்குக் கொடுப்பதுபோல் கை கொடுத்தார்!

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். சிலிம் ரிவர் என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தினேன். கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சு வருஷமும் நீ வரும்போது இப்படித்தான் வெயில் இருந்திருக்கும்லா" என்றார். ஆமாம் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனாலும் டீ இனித்தது.

போகிறவர்களுக்கு: மண் தரைக்கான காலணி வேண்டும், சாலையில் ஓடுகிற காலணி வழுக்கும். தோட்டத்து நாய்கள் குரைக்கும், கடிக்காது. ஓட்டம் முடிந்ததும் மாற்றுச் செருப்பு அவசியம். முழங்கால் 'வேண்டாம்' என்று சொன்னால் பெயர் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். புருஷன் பெண்டாட்டியாகப் போகிறவர்கள், யார் யாருக்காகக் காத்திருப்பது என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் பேசாமல் ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

இதோடு போதும் என்று சொன்னேன் அல்லவா, அதெல்லாம் சும்மா. தைப்பிங்கில் ஒரு ஓட்டம் வருகிறது, நேற்று பெயர் கொடுத்துவிட்டேன். என் பெயர் மட்டும்தான். சேவியர் பக்கத்தில் வந்து போனை எட்டிப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு முடிப்ப?"

"யாருக்குலா தெரியும்? மூணு மணி நேரம் ஆகும்."

"அப்ப நான் கோட்டுல நிக்கணும்?"

"ஆமா."

முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார், "நாற்காலி ஒண்ணு எடுத்துக்கிட்டு வரலாமா?"

"கூடாது," என்றேன்.