தூக்கி நிறுத்தியவன்

விழுந்தவுடன் குதிகாலில் மணல் சுட்டது. செருப்பு எங்கோ பறந்திருந்தது. கால் விரலை அசைத்துப் பார்த்தேன், அசைந்தது. இதை ஏழு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் திருப்போரூரில் நாங்கள் ஐந்து பேர் ஒரே பைத்தியமாகத் திரிந்தோம். செல்வம் வீட்டில் மட்டும்தான் விசிடி பிளேயர். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு அங்கே போய்விடுவோம். ஒரு பைக் படத்தில் வெள்ளைக்காரர்கள் மண்மேட்டில் வண்டியை ஏற்றி, அந்தரத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு, வண்டியோடு குட்டிக்கரணம் அடிப்பார்கள். பேர் தெரியாததால் மொட்டை, பச்சை சட்டை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். கீறல் விழுந்து படம் நின்றுபோனால் சட்டை நுனியால் விசிடி தட்டைத் துடைத்துத் துடைத்துப் போடுவோம். மொட்டையைக் குறை சொன்னால் அடிதடிதான்.

அந்தப் படத்தில் எவன் விழுந்தாலும் அடுத்த நொடி எழுந்து கையைத் தூக்குவான். நாங்கள் கைதட்டுவோம். எழுந்திருக்காதவர்களை வெட்டிவிட்டுத்தான் தட்டில் போட்டிருக்கிறார்கள் என்பது எங்கள் மண்டைக்கு எட்டவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு மணல்மேட்டில் நாங்களே பைக்கோடு குதிக்க ஆரம்பித்தபோது ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டோம். விழுந்தவனை உடனே தூக்கி நிறுத்த வேண்டும். அவன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

நான் விழுந்த அன்றைக்கும் செல்வம்தான் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்து என்னை நிறுத்தினான். கையைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். இடுப்புக்குக் கீழே எல்லாம் அணைந்துபோனது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகெலும்பு முறிந்து, தண்டுவடம் (மூளையிலிருந்து முதுகுக்குள் இறங்கும் நரம்புக் கற்றை) நசுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நடப்பேனா என்று அம்மா கேட்டதற்கு, "இப்ப சொல்ல முடியாதும்மா, பொறுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். பிறகு என்னிடம், கால் எப்போது மரத்தது என்று கேட்டார். செல்வம் என் கால்மாட்டில் நின்றிருந்தான். விழுந்தவுடனே என்று சொல்லிவிட்டேன்.

படுக்கைப்புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் புண்ணாவது) வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்ட வேண்டும். அம்மாவால் தனியாக முடியாது. செல்வம் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். முதுகைத் துடைப்பான், மூத்திரப் பையை மாற்றுவான். நான் எரிந்து விழுவேன். கஞ்சி சுடுகிறதென்று தம்ளரைத் தட்டிவிட்டிருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏழாம் மாதக் கடைசியில் வலது கட்டைவிரல் லேசாக அசைந்தது. அம்மா அழுதாள். செல்வம் வெளியே போனவன் நெடுநேரம் கழித்து வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நான் தூக்கினதாலதான மச்சான் இப்டி ஆச்சு? நெசமா சொல்லு."

பொய் சொல்லி அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தது என் திமிர். அவனுக்கு முதல் நாளிலிருந்தே அந்தச் சந்தேகம்.

"நீ தூக்கறவரைக்கும் வெரலு ஆடிச்சுடா" என்றேன். "நானும்தான் இருடான்னு சொல்லாம கையத் தூக்கிகினு நின்னேன்."

இருவரும் வெட்கமில்லாமல் அழுதோம். தூக்காமல் விட்டிருந்தாலும் உள்ளே வீங்கிக் கால் போயிருக்கலாம், இதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

இதுபோல ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: விழுந்தவரைத் தூக்காதீர்கள், ஆம்புலன்ஸில் படுக்கவைத்துத் தூக்கும் பலகை வரட்டும். ஏற்கெனவே தூக்கியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரோடு அதைப் பேசிவிடுங்கள்.

இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். இடது பாதம் எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது. முன்பெல்லாம் டீ ஆறும்வரை ஒரு இடத்தில் இருந்தவனா நான்!

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் கால் மடங்கி விழுந்தேன். நாலு பேர் தூக்க ஓடிவந்தார்கள். செல்வம் அவர்களைத் தடுத்துவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"இன்னா மச்சான், காலு கீதா?"

"இருடா, பாத்துகினு கீறேன்."

எங்கள் பஸ் போனது. அதற்கடுத்ததும் போனது. அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.