தண்ணி விழுதா?

சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் காயாத துண்டின் வாடை வந்துவிடும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் தென்காசியில் வெயிலும் சரியாக அடிக்காது, தூறலும் சரியாக நிற்காது. ஆகவே குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த விருந்தாளிகளின் ஈரத்துண்டுகள், நாங்கள் ‘பட்டாசல்’ என்று சொல்லும் முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில் தொங்கிக்கொண்டிருக்க, அவற்றுக்குக் கீழே குனிந்து குனிந்துதான் நாங்கள் நடமாடுவோம். அந்த வாடையில் அம்மாவுக்குத் தலைவலி வரும். அப்பாவுக்கோ அதைவிடச் சந்தோஷமான வாசனை வேறு கிடையாது.

அருவியில் தண்ணீர் வருகிறதா என்று வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள அன்று ஒரே வழிதான். தென்காசியில் தெரிந்தவர் யாருக்காவது போன் போட வேண்டும். எங்கள் வீட்டுப் போன் சீசன் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தால், ‘நல்லா இருக்கியளா’ என்பதற்கு முன்பே, “தண்ணி விழுதா?” என்பார்கள். அப்பாவின் பதில் மாறவே மாறாது. “நல்லா விழுது. கெளம்பி வாங்க.” மெயினருவி கறுத்த பாறையாக நிற்கும் நாளிலும் இதே பதில்தான்.

அப்பா பாத்திரக்கடையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் பொய் சொல்லுவார். லாபத்துக்காகச் சொன்னால்கூடப் புரிந்துகொள்ளலாம். இட்லி தின்றுவிட்டு வந்து தோசை தின்றதாகச் சொல்லுவார். செங்கோட்டைக்குப் போய்விட்டுப் புளியங்குடிக்குப் போனதாகச் சொல்லுவார். “உங்கப்பாவுக்குப் பொய் சொல்லலன்னா தின்ன சோறு செமிக்காது” என்று அம்மா சிரித்துக்கொண்டே போய்விடுவாள். எனக்குச் சிரிப்பு வராது. பள்ளிக்கூடத்தில் நான் எதைச் சொன்னாலும், அப்பாவின் கடைக்கு வந்துபோகும் வீட்டுப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தூத்துக்குடியிலிருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போன் செய்தாள். அப்பா வழக்கம்போல் சொல்ல, அவளும் மாமாவும் பிள்ளைகளும் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு அந்த வருஷம் கிடைத்த லீவே மூன்று நாள்தான். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மெயினருவியில் நூலாக ஒழுகும் தண்ணீருக்குக் கீழே நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். “நேத்து வரைக்கும் கொட்டுச்சு. இன்னைக்குத்தான் நின்னுட்டு” என்றார் அப்பா. எண்ணெய்த் தலையோடு திரும்பி வந்து, எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். பாதியில் தொட்டி காலியாகிவிட்டது.  புறப்படும்போது அத்தை அம்மாவிடம், “இவன் விடிஞ்சிட்டுன்னு சொன்னாக்கூட இனிமே வெளிய வந்து ஒருதடவை பாத்துக்கணும்ட்டி” என்றாள்.

அடுத்த வருஷம் சீசன் அமோகம். அப்பாவே தூத்துக்குடிக்குப் போன் போட்டு, ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறது என்று சொன்னார். அது நிஜம். அத்தை “சரிலே, பாப்போம்” என்று வைத்துவிட்டாள். அவர்களுக்காக வாங்கி வைத்திருந்த மங்குஸ்தானை நாங்களே தின்றோம். “அவளுக்கு வேலை கெடக்காம்” என்று அப்பா சொன்னார். அதுவும் பொய் என்று எனக்குத் தெரியும். போன் பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். முன்னறையில் ஒற்றைத் துண்டுகூடத் தொங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முகம் பார்த்துக் கேட்க முடியாததை முதுகைப் பார்த்துக் கேட்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“அப்பா, நீங்க ஏன் பொய் சொல்லுதிய?”

“எது பொய்? மழை மலையில நிக்கி. நாளைக்கு எறங்கத்தான போவுது? நான் ஒருநாள் முந்திச் சொல்லுதேன், அவ்வளவுதான்.”

“நெசத்தைச் சொன்னப்பவும் அத்தை வரலயே.”

மேலகரம் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஏதோ பிளக்கைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வண்டியைப் பார்த்தபடியே, “தண்ணி இல்லன்னு சொன்னா நம்ம வீட்டுக்கு யாருட்டி வருவா?” என்றார்.

 இனிமேல் பொய் சொல்லக்கூடாது என்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன். சரி என்றார். சீசன் ஓய்ந்து அருவி வற்றிப்போயிருந்த ஒரு நாளில், சிவகாசியிலிருந்து அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் போனில் கேட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். “சுமாரா விழுது” என்றார். எனக்காக அவரால் இறங்கி வர முடிந்தது அவ்வளவு தூரம்தான். அன்றைக்கு அதுவே பெரிய வெற்றியாகத் தெரிந்தது எனக்கு.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். அம்மா போய் ஐந்து வருஷமாகிறது. அப்பா தென்காசி வீட்டில் தனியாக இருக்கிறார். சீசனுக்குச் சீசன் “நல்லா விழுது, வா” என்பார். நான் “லீவு இல்லப்பா” என்பேன். லீவு இருக்கத்தான் செய்தது. அம்மா இல்லாத அந்த வீட்டுக்குள் நுழையத்தான் எனக்குத் தைரியமில்லை. அவரைக் கேள்வி கேட்ட நான் அவரிடமே நான்கு வருஷம் பொய் சொல்லியிருக்கிறேன்.

போன ஆடியில் ஒருநாள் நான் கேட்காமலேயே சொன்னார்: “தண்ணியே இல்லட்டி. இந்த வருசம் சீசன் மோசம். லீவைப் போட்டுட்டு வந்து ஏமாறாத.” அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் முன்புதான், மெயினருவியில் வெள்ளம் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலே கொட்டுவதையும் போலீஸ் கயிறு கட்டி ஆட்களைத் தடுப்பதையும் செல்போனில் பார்த்திருந்தேன். எதையோ மறைக்கிறார். கிடைத்த ரயிலில் ஏறிவிட்டேன்.

முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். பத்து நாளாயிற்றாம். அந்தப் பத்து நாளும் போனில் புளிக்குழம்பு வைத்ததாகவும் சோறு பொங்கியதாகவும் என்னிடம் சொன்னவர், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கித் தந்த பன்னை இடது கையால் டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

“தண்ணி இல்லன்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றேன்.

“அப்போ, விழுதுன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்ட, என்னா?” என்றார்.

 பிறகு அத்தைக்குப் போன் செய்து, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

இப்போது “தண்ணி விழுதா” என்று யாரும் அப்பாவிடம் கேட்பதில்லை. எல்லா அருவியும் எல்லோர் கையிலும் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தப் பழைய லேண்ட்லைன் போனையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. முன்னறையில் கயிறு கட்டிய ஆணிகள் மட்டும் சுவரில் துருப்பிடித்து நிற்கின்றன.

நான் போன் செய்த மறுநாள் மத்தியானம் அத்தை வந்தாள். எழுபது வயதுக்கு மேல்; மாமாவும் இல்லை; தனியாக இரண்டு பஸ் மாறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அப்பா எழுந்து நின்றார். தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

“தண்ணி நல்லா விழுதுக்கா.”

அவர் வாழ்க்கையிலேயே சொன்ன மிகச் சுத்தமான உண்மை அது. அத்தை பையைக் கீழே வைத்தாள்.

“விழுந்தா விழட்டும்லே. நீ கையைக் காட்டு.”