சாக்குச் சணலில் தைத்த கூடு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றுபோனவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். சுக்கு வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு ஒரு குருவியின் நினைவு வந்துவிடும். மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. கிடங்குகளிலிருந்து வரும் கிழிந்த சாக்குகளை அம்மா முற்றத்தில் குவித்துவைத்துக்கொண்டு "கோணி ஊசி"யால் தைப்பாள். உதறும்போதெல்லாம் சுக்குத் தூள் பறந்து நாங்கள் மாற்றி மாற்றித் தும்முவோம்.

அந்தக் குவியலுக்கு ஒரு தையல்சிட்டு வரும். கட்டைவிரலைவிடச் சற்றே பெரிய உடம்பு, பாசிப் பச்சை முதுகு, துருவேறியது போன்ற நெற்றி, எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் வால். அவ்வளவு சிறிய தொண்டையிலிருந்து "ட்விட், ட்விட்" என்று வரும் குரல் தெருமுனைவரை கேட்கும். காடு என்று சொல்ல எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. இடிந்த கிடங்கு ஒன்றுக்குள் முளைத்திருந்த புதரும் நாலைந்து மரங்களும்தான் அதற்குக் காடு. அங்கிருந்து வந்து, சாக்கில் பிரிந்து தொங்கும் சணல் இழையை இழுத்துக்கொண்டு பறக்கும். "எடுத்துட்டுப் போகட்டும், அவளும் நம்ம தொழில்காரிதான்," என்பாள் அம்மா.

இழை எங்களுடையது, கூடோ நாசர் வீட்டில். நாசர் பக்கத்து வீட்டு ராவுத்தர் மகன், என் வயது, எனக்கிருந்த ஒரே கூட்டாளி. அவர்கள் முற்றத்தில் தோளளவு வளர்ந்த பாதாம் கன்றில், பெரிய இலை ஒன்றின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து, அலகால் துளை போட்டு, எங்கள் சணலைக் கோத்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து மூன்று முட்டை இட்டிருந்தது அது. வெளிர் நீலத்தில் செம்புள்ளிகள். நாசர் தெருப்பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவராகக் காட்டினான். என்னைக் கடைசியில் நிறுத்தினான்.

"நூல் எங்க வீட்டுதுடா," என்றேன்.

"அதுக்கு? உங்க வீட்ல சாக்கு மட்டும்தானே இருக்கு. குருவி போய்ச் சாக்குக்குள்ள முட்டை போடுமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு அவன் அத்தா வாங்கித் தந்த "ஷூ" இருந்தது, அடுத்த ஆண்டு போகப் பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட எனக்கு இது மட்டும் பொறுக்கவில்லை. குருவி சாக்கில் வந்து உட்கார்ந்தால் "போடி திருடி" என்று விரட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாசர் வீட்டார் எல்லோரும் ஆலுவாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அப்பாவின் சவர பிளேடோடு மதிலேறிக் குதித்தேன். கூட்டோடு கிளையை அறுத்துவந்து எங்கள் வீட்டு நந்தியாவட்டையில் சணலால் கட்டினேன். கட்டிவிட்டால் அது எங்கள் செடியில் பிடித்துக்கொள்ளும், குருவியும் பின்னாலேயே வந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். கிழிந்ததெல்லாம் சணலால் சேர்ந்துவிடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

குருவிகள் இரண்டும் வந்தன. வாலை அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கத்தினவே தவிர, கூட்டருகே போகவில்லை. உச்சி வெயிலில் இலை துவண்டது, தையல் பிளந்தது, ஒரு முட்டை விழுந்து உடைந்தது. அம்மா வெளியே வந்து பார்த்தாள். கை ஓங்கவில்லை.

"அவன் வர்றதுக்குள்ள கொண்டுபோய் வெச்சிட்டு வா. அவன்கிட்ட நீயே சொல்லிடணும்," என்றாள்.

பாதாம் கன்றில் பழைய இடத்திலேயே கிளையை வைத்துக் கட்டிவிட்டு வந்தேன். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நாசர் கன்றின் முன்னால், வாடித் தொங்கிய கூட்டுக்கு எதிரே நின்றிருந்தான். கிளையைச் சுற்றியிருந்த முடிச்சையே விரலால் தடவிக்கொண்டிருந்தான். சாக்கின் வாயைக் கட்டுகிற முடிச்சு. எனக்குப் போடத் தெரிந்தது அது ஒன்றுதான், அந்தத் தெருவில் அதைப் போடுகிற வீடும் ஒன்றுதான். அவன் தேம்பித் தேம்பி அழுதான். உள்ளேயிருந்து அவன் அம்மா, "என்னடா, பூனை தட்டிவிட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "ஆமாம்மா, பூனைதான்," என்றான்.

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. அதற்குப் பிறகு அவன் எங்கள் முற்றத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு அவன் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் நான் கிடங்கு வேலைக்கும் போனோம்.

இப்போது சாக்கெல்லாம் பிளாஸ்டிக், கிழிந்தால் வீசிவிடுகிறார்கள். நாசர் வீட்டார் ஆலுவாவுக்குக் குடிபோய்விட்டார்கள், அவர்கள் வீடு வெளிநாட்டார் தங்கும் விடுதியாகிவிட்டது, முற்றம் முழுக்க சிமெண்ட். இடிந்த கிடங்கு இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. தையல்சிட்டின் குரலைக் கேட்டு வெகுகாலமாகிறது. போன மாதம் படகுத்துறையில் நாசர் என்னைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டான். "என்னடா, இப்படி இளைச்சுப் போயிட்டே? ஒரு நாள் ஆலுவாவுக்கு வா, கப்பக்கிழங்கும் மீனும் தின்னுட்டுப் போலாம்," என்றான். எவ்வளவு லேசாகச் சிரிக்கிறான் என்று பார்க்கும்போதே அந்தப் பழைய புகைச்சல் மறுபடி எழுந்தது.

அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும். படித்ததெல்லாம் மலையாளம், தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது, அப்படியானால் அவன் முன்னால் உட்கார்ந்து நானேதான் இதை வாசித்துக்காட்ட வேண்டும்.

மட்டாஞ்சேரி,
ஆவணி முதல் ஞாயிறு.