மேசை விரிப்பும் ஏழு துண்டுகளும்

எங்கள் வாஷிங் மெஷின் முதல் தடவை நடந்த தூரம் நான்கு விரற்கடை. இரண்டாவது தடவை ஏழு. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்ததால் உறுதியாகச் சொல்கிறேன். நடந்தது என்றால் மெல்ல நகர்ந்தது என்று நினைக்க வேண்டாம். துணியைப் பிழிவதற்காக வேகமாகச் சுற்றும்போது தடதடவென்று குதித்து, சுவரில் இடித்து, பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயைத் தானே கழற்றிக்கொண்டுதான் நின்றது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் முழுவதும் சோப்புத் தண்ணீர்.

ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் இதில் என் சுபாவத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

எங்கள் சபையின் திருவிருந்து மேசைத் துணிகளை இருபத்தாறு வருடங்களாகத் துவைத்து வருபவள் என் மனைவி. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவற்றைத் தனிப் பையில் வீட்டுக்குக் கொண்டுவருவாள். மொத்தம் நான்கு உருப்படிகள். பெரிய மேசை விரிப்பு ஒன்று, சிறிய துணிகள் மூன்று. திங்கட்கிழமை காலையில் திராட்சரசக் கறையில் எலுமிச்சை தேய்த்து ஊறவைத்து, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, புதன்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்தத் துணிகளோடு எங்கள் வீட்டுத் துணி ஒன்றுகூட ஒரே வாளியில் கிடந்ததில்லை.

சென்ற வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் பிழிகிற வலு கைக்கு வரவில்லை. நான் துவைத்துத் தருகிறேன் என்றேன்.

"நீங்க துவைச்சா எண்ணிக்கை சரியா இருக்கும். அழுக்கும் அப்படியே இருக்கும்" என்றாள்.

அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் இந்த மெஷினை வாங்கினோம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. வீட்டுத் துணிகளை ஒழுங்காகத் துவைத்தது. முதல் திங்கட்கிழமை மேசைத் துணிகளைப் போட்டபோதுதான் நான்கு விரற்கடை நடந்தது. நீர் சொட்டச் சொட்ட விரிப்பை வெளியே எடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கினோம். அன்று முழுவதும் அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

தரைதான் காரணம் என்று முடிவு செய்தேன். தண்ணீர் ஓடுவதற்காகப் பின்பக்கத் தளத்தைக் கொத்தனார் வாட்டமாகப் போட்டிருந்தார். தெரிந்த கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி மெஷின் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. நான்கு கால்களையும் திருகித் திருகி, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. இரண்டே கால் மணி நேரம். பிறகு வீட்டுத் துணிகளைப் போட்டு மூன்று முறை சோதித்தேன். அசையவே இல்லை.

"முடிஞ்சது. இனி ஆடாது" என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த மாதம் மேசைத் துணிகளைப் போட்டோம். ஏழு விரற்கடை.

விரிப்பை மறுபடியும் கையால் முறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போதகரின் மனைவி வந்தார். நாங்கள் ஐயரம்மா என்போம். நல்ல மனுஷி. என் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் இப்படிக் கஷ்டப்படுதீங்க? எம்புட்டு வருஷமா செஞ்சிட்டீங்க! அடுத்த மாசம் வேற யாருக்கிட்டயாவது கொடுத்துருவோம். நீங்க செத்த ஓய்வா இருங்க."

"அடுத்த மாசம் ஒரு தடவை மட்டும் பாத்துக்கிடுதேன் அம்மா. அப்பவும் சரியா வரலைன்னா நீங்க சொன்னபடி செஞ்சிருவோம்" என்றாள் மனைவி.

அவர் போன பிறகு இவள் சமைக்கப் போனாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அது இரண்டாவது முறை. முதல் முறை அவளுடைய அப்பா இறந்த வாரம்.

எனக்கு நான்கு வாரம் இருந்தது. கடைக்கு ஒன்பது முறை போன் செய்தேன். ஒன்பது முறையும் மெக்கானிக் "நாளைக்கு வாரேன் சார்" என்றார். பத்தாவது போனுக்குப் பதிலாக நானே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கடைக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்களெல்லாம் என்னை வாடிக்கையாளரா காவல்காரரா என்று தெரியாமல் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் மெக்கானிக் தன் பைக்கின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் புறப்பட்டார்.

நாற்பது வயது இருக்கும். வேலை தெரிந்தவர். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். புது மெஷின் வரும் வழியில் டிரம் ஆடாமலிருக்க உள்ளே மாட்டியிருக்கும் நான்கு நீள போல்ட்டுகளையும் எடுத்தாயிற்றா என்று கேட்டார். டப்பாவைத் திறந்து நான்கையும் காட்டினேன். டிரம்மை அசைத்துப் பார்த்தார். ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கையில் கிடைத்த வீட்டுத் துணிகளை அள்ளிப் போட்டு ஓடவிட்டார். மெஷின் சாதுவாகச் சுற்றியது.

"மிஷின்ல குத்தமே இல்ல சார்."

"அப்ப நான் பொய்யா சொல்லுதேன்? ஏழு விரற்கடை நடந்துச்சுய்யா. கோடு போட்டிருக்கேன், பாரும்."

"நீங்க பொய் சொல்லுவீகளா! மிஷின் ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு நிக்குது போல."

மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்டது.

அவர் போனதும் என் நோட்டை எடுத்தேன். மெஷின் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சலவைக்கும் தேதி, உருப்படிகள், எத்தனை இடி இடித்தது என்று எழுதிவந்திருக்கிறேன். எழுதினேனே தவிர, ஒருநாளும் உட்கார்ந்து படித்ததில்லை. பத்தொன்பது சலவைகள். பதினேழில் உருப்படிகள் பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று இருந்தன. இடி, பூஜ்யம். மீதி இரண்டில் உருப்படிகள் நான்கு. அந்த இரண்டிலும் இடியை எண்ண முடியாமல் கோடு மட்டும் கிழித்திருந்தேன்.

முப்பத்தோரு வருடம் நூல்மில்லில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு பக்கம் கனத்த எதைச் சுற்றவிட்டாலும் அதிரும் என்பது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உடனே எங்கள் கட்டில் விரிப்பு ஒன்றை மட்டும் தனியாகப் போட்டு, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஈரம் ஏறியதும் விரிப்பு சுருண்டு தலையணை போலாகி ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. வேகம் கூடியதும் குதியாட்டம் ஆரம்பித்தது. சுவிட்சை அணைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இங்க வா. மெஷினும் சரிதான், தரையும் சரிதான். கனத்த துணி ஒண்ணு தனியாப் போகக் கூடாது. கூடப் பத்துத் துணி போட்டா நாலு பக்கமும் பரவி நிக்கும்."

"என்னத்தப் போட? ஒங்க கைலியையா?"

"துவைச்ச கைலிதான..."

"அது நடக்காது. அதுக்கு ஐயரம்மா சொன்னபடி வேற ஆளுக்கிட்டயே கொடுத்துரலாம்."

அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் பதினோரு துண்டுகள் இருந்தன. நான் ஓய்வு பெற்ற அன்று மில்லில் ஒவ்வொருவராக வந்து எனக்குப் போர்த்தியவை. கெட்டி நெசவு, நல்ல பருத்தி. வருடத்துக்கு ஒரு முறை எடுத்து எண்ணி, அந்துருண்டை மாற்றி, மறுபடி உள்ளே வைப்பேன். பேரனின் தொட்டிலுக்குக் கேட்டபோதுகூட நான் கொடுக்கவில்லை.

அவற்றைக் கட்டில் மேல் வைத்தேன். அவள் துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தர் உடம்பும் துடைக்காத துண்டு. இதுக்கென்ன சொல்லுத?" என்றேன்.

"ஒங்க தோள்ல போட்டதுதான?"

"சட்டைக்கு மேல. அதுவும் ஒரு நிமிஷம். அடுத்த ஆளு வந்ததும் எடுத்துட்டாங்க."

அவள் சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். "அந்துருண்டை நாத்தம் போக முதல்ல ரெண்டு தடவை அலசணும்" என்றாள். சம்மதம் என்று அர்த்தம்.

எனக்கு வேறு கவலை வந்தது. நான்கு துண்டுகளில் சிவப்புக் கரை. ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டையில் இளஞ்சிவப்பு ஏறியது. மேசை விரிப்பில் அது ஏறிவிடக் கூடாது. நான்கையும் ஒதுக்கினேன். மிச்சம் ஏழு, கரையும் வெள்ளை. போதுமா போதாதா என்று தெரியவில்லை. கட்டில் விரிப்போடு மூன்றைப் போட்டேன், இடித்தது. ஐந்து போட்டேன், அப்போதும் கொஞ்சம் இடித்தது. ஏழு போட்டேன். முதலில் நான்கு தட்டு தட்டி, பிறகு ஒரே சீராகச் சுற்றியது.

மூன்றாவது மாதத் திங்கட்கிழமை காலை மேசைத் துணிகள் நான்கையும் துண்டுகள் ஏழையும் அவளே இடது கையால் ஒவ்வொன்றாகப் போட்டாள். விரிப்பை உருட்டிப் போடாமல், தளர்த்திவிட்டு, இடையிடையே துண்டுகளைச் செருகினாள். நான் சொன்னதுதான், ஆனால் என்னைவிட நன்றாகச் செய்தாள். பிழிகிற நேரம் வந்தது. இருவரும் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு தட்டு. இரண்டு. நான் எழுந்துவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆறாவது தட்டோடு சத்தம் நின்று, ரீங்காரம் மட்டும் இருந்தது. மெஷின் கோட்டைத் தாண்டவில்லை.

விரிப்பு சொட்டாமல் வெளியே வந்தது. கறை இருந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து, "போயிருச்சு" என்றாள். கொடியில் போட்டுக் கிளிப் மாட்டியதும், ஐயரம்மாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள்.

"அம்மா, துணி கொடில காயுது. புதன்கிழமை கொண்டாந்துருதேன். இல்லம்மா, கை வலிக்கல. பிழியவே இல்லையே. வேற ஆளு பாக்க வேண்டாம்மா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொடியைப் பார்த்தாள். விரிப்புக்குப் பக்கத்தில் என் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணினேன். ஏழு.

"இத இனி பீரோவுல வைக்காதீங்க. அந்தத் துணிப் பையிலயே இருக்கட்டும்" என்றாள்.

சரி என்றேன்.

"தரையில இருக்க கோட்டையும் அழிச்சிருவோமா?"

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்" என்றேன்.