மூன்றாவது கட்டம்

வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கினால் ஷிஃபானா தன் இடது காதை அறைந்துகொள்வாள். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்றால் ஒன்றுமில்லை. நாலைந்து பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்து பேச்சு சூடு பிடித்ததும், உள்ளங்கையை விரித்துப் பட்டென்று ஒன்று. அப்புறம் நிற்காமல் பத்து, இருபது. மூன்று வயதிலிருந்தே இப்படித்தான். இப்போது ஏழு நடக்கிறது. அந்தக் காது மட்டும் எப்போதும் சற்றுச் சிவந்தே இருக்கும்.

முதல் அறை விழப்போவது அவள் தாய் ஹமீது பீவிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டாள். கண் மட்டும் ஓயாது. சேரன்மகாதேவியில் அவர்கள் தெருவில் யார் வீட்டில் யாருக்கு முகம் வாடியிருக்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும். தன் பிள்ளை ஏன் அடித்துக்கொள்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள இந்த வருஷம் நாள் குறைவாக இருந்தது. பள்ளித் தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஸ்கூல் தொறந்த முதல் திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. இருபது நிமிஷம் அடிச்சிக்கிடாம மத்த பிள்ளைகளோட உக்காரட்டும், சேத்துக்கிடுதேன். இல்லன்னா அடுத்த வருஷம்." போன வருஷமும் இதே பதில்தான்: அடுத்த வருஷம்.

செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைப் பயிற்சி மையத்துக்குப் போனார்கள். அங்கே பெர்லின் மிஸ் ஒரு நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தாள். முதல் கட்டத்தில் அடிக்கு முன் என்ன நடந்தது, இரண்டாவதில் அடி, மூன்றாவதில் அதன் பின் என்ன.

"பிள்ளை ஒண்ணு செய்யுதுன்னா அதுல அதுக்கு ஏதோ கிடைக்குக்கா. ஒரு சாமான் வேணும், இல்ல யாராவது தன்னைப் பாக்கணும், இல்ல ஒரு இடத்துலருந்து தப்பிக்கணும், இல்லன்னா அந்த அடியே உடம்புக்கு வேண்டியிருக்கு. எதுன்னு தெரிஞ்சாதான் அதுக்குப் பதிலா வேற ஒண்ணு சொல்லிக்குடுக்க முடியும்."

ஹமீது பீவி முத்து முத்தாக எழுதினாள். மணி நாலே கால், ஐந்து பேர், மிக்சி ஓடவில்லை, பக்கத்து வீட்டு மைனி சத்தமாகச் சிரித்தாள். இரண்டாவது கட்டத்தில் பதினேழு அடி. மூன்றாவதில் எப்போதும் ஒரே சொல்: நின்றது.

"எப்படிக்கா நின்னுச்சு? நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல மிஸ்."

தான் பொய் சொல்வதாக ஹமீது பீவிக்குத் தோன்றவில்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போவதெல்லாம் ஒரு செய்கையா? எந்தத் தாயும் செய்வதுதானே.

சத்தம் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று காதை மூடும் ஹெட்போன் மாட்டிப் பார்த்தார்கள். ஷிஃபானா ஹெட்போனின் மேலேயே அறைந்தாள். அது உடைந்தபோது இரண்டு வாரம் போயிருந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு மைனி, ஹமீது பீவியின் கணவனுக்கு அக்காள், மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்த் திரும்பினாள். பார்க்க வந்த பெண்களுக்கு ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்து, கூட உட்கார வேண்டியது தம்பி பெண்டாட்டியான ஹமீது பீவியின் முறை. ஷிஃபானா பாயின் ஓரத்தில் பேரீச்சங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஹமீது, வந்ததுலருந்து ஒரு சொல்லு வரல. வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றாள் பேட்டையிலிருந்து வந்த உறவுக்காரி.

"அவ எங்க பேசுவா? அவளுக்கும் சேத்து நாந்தான பேசுதேன்," என்றாள் மைனி. எல்லாரும் சிரித்தார்கள்.

"அதென்ன, ஒத்தப் பிள்ளையோட நிப்பாட்டிட்ட?"

ஹமீது பீவிக்குக் காது சுட்டது. மகளைப் பார்த்தாள். இன்னும் அடிக்கலையே, என்று மனசுக்குள் ஓடியது. அவள் கை அதற்குள் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஷிஃபானா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். கொட்டைகள் சிதறின. பட்டென்று ஒன்று.

"பிள்ளைக்கு முடியல, இருங்க." இரண்டாவது அடி விழுமுன் ஹமீது பீவி எழுந்துவிட்டாள்.

பின்கட்டில் துவைக்கிற கல் பக்கம் போனதும் அடி நின்றது. பிள்ளைக்கு மூச்சு சீரானது. தனக்கும் அப்படியே ஆனதை அவள் கவனித்தாள். வழக்கமாகக் கடைசிச் செருப்பு போகும்வரை அங்கேயே இருப்பாள். அன்று அந்த நிம்மதி அவளைக் குத்தியது. எத்தனை வீடு, எத்தனை விசேஷம். ஒவ்வொரு தடவையும் முதலில் நீண்டது தன் கைதானே?

அன்றைக்கு முதல் கட்டத்தில் எழுதினாள்: எனக்கு எழுந்து போக வேண்டும்போல் இருந்தது. அவள் கையைப் பிடித்தேன். மூன்றாவதில்: இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை வரை இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பஸ்ஸில் பையை மூன்று தடவை திறந்து மூடினாள்.

பெர்லின் மிஸ் இரண்டு தடவை படித்தாள். "முதல்லயே இதை எழுதிருந்தா அந்த ஹெட்போன் பிழைச்சிருக்கும்க்கா."

"நாந்தான் பிள்ளையக் கெடுத்தேனா மிஸ்?"

"கெடுக்கல. அவளுக்கும் கூட்டம் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. அவ அடிச்சா ரெண்டு பேருக்கும் விடுதலை. வெளிய போணும்னு கேக்கத் தெரியல, அதான் அடிக்கா. கேக்கச் சொல்லிக்குடுப்போம்."

கதவுப் படம் போட்ட ஒரு மஞ்சள் அட்டை. கை காதுக்குப் போகுமுன் அதை எடுத்துக் கொடுக்கப் பழக்க வேண்டும். கொடுத்த மறுநொடி வெளியே. இரண்டு நிமிஷம். பிறகு திரும்பி உள்ளே.

"நானுமா?"

"நீங்கதான் முக்கியமா."

பள்ளிக்கு ஒன்பது நாள் இருந்தது. பழக்கத் தொடங்கிய முதல் நாள், மைனி வீட்டுக் கூட்டத்தில், ஷிஃபானா பதினான்கு தடவை அட்டை கொடுத்தாள். "என்னட்டி இது, கண்டக்டர் மாதிரி டிக்கெட்டு குடுக்கா?" என்றாள் மைனி. ஹமீது பீவி பதினான்கு தடவையும் திரும்பி வந்து அதே பாயில் உட்கார்ந்தாள். பிள்ளையின் பக்கம் நீளாமலிருக்க, தன் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பன்னிரண்டாம் நிமிஷம் மகளின் கை எழுந்தது, காதருகே நின்றது, இறங்கி அட்டையை எடுத்தது. ஷிஃபானா வெளியே வந்தாள், திரும்பப் போனாள். பத்தொன்பதாம் நிமிஷம் மணி அடித்தது. பட்டென்று ஒன்று.

"அடிச்சிட்டாளே," என்றார் தலைமையாசிரியை.

ஹமீது பீவி ஜன்னலுக்குள் பார்த்தாள். தலையைக் குனிந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கால் திரும்பியும்விட்டது. ஆனாலும் நின்றாள்.

"அடிச்சா டீச்சர். அதுக்கு முன்ன என்ன நடந்துதுன்னு பாருங்க. பெல் அடிச்சதும் எல்லாப் பிள்ளையளும் ஒண்ணா எந்திச்சிட்டு. அட்டை கீழ விழுந்து ஒரு பையன் காலுக்கடியில கெடக்கு. எடுக்கத்தான் குனிஞ்சா. கிடைக்கல."

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். அட்டை அங்கேதான் கிடந்தது.

"காலைல ரெண்டு மணி நேரம் விடுங்க. பாப்போம்," என்றார்.

இப்போது ஷிஃபானா பத்திலிருந்து பன்னிரண்டு வரை பள்ளியில் இருக்கிறாள். அட்டையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். வாரத்தில் ஒருநாளாவது காது சிவந்துதான் வருகிறது. ஹமீது பீவி அந்த இரண்டு மணி நேரமும் மற்றத் தாய்மாரோடு பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அது அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை.