மேல்வீட்டுப் பெடியனுக்கான மருந்து

சுவிஸின் பீல் நகரில், மகளின் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு மூக்கு ஸ்பிரேயைக் காட்டினார்கள். ஹெரோயினையோ கடுமையான வலிமாத்திரையையோ அளவுக்கு மீறி எடுத்து மூச்சு அடங்குகிறவருக்கு, அம்புலன்சை அழைத்துவிட்டு அதை அடிக்க வேண்டும். இனி முதலுதவிப் பெட்டியில் இருக்குமாம்.

மகளுக்கு ஆறு வயது. பல் விழுந்ததற்கு மாத்திரை கொடுக்கலாமா என்று நாலு பேரிடம் கேட்டவள் நான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்த மருந்து இல்லையே என்ற கவலை உடனே பிடித்துக்கொண்டது. அங்கே பெரிய பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

அங்கும் ஒன்று வாங்கி வைப்போம் என்று தமிழ் வகுப்புக் கூட்டத்தில் சொன்னேன். பத்தாம் வகுப்பு மகனை வைத்திருக்கும் ஓர் அக்காதான் வாய் திறந்தார்.

"எங்கட பிள்ளையள் தண்ணியும் கேட்டுத்தான் குடிக்குங்கள். ஏன், உம்மட மகள் ஏதும் பாவிக்கிறாவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். யோசிப்போம் என்றார் அதிபர். எங்கள் ஆட்களிடம் அதற்கு முடியாது என்று பொருள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று வாரம் முழுக்க மனம் அரித்தது.

அடுத்த சனி, தேநீர் ஊற்றும் இடத்தில் அதே அக்கா ஒதுங்கி வந்து, அதை எந்த மூக்கில் அடிப்பது என்று மெல்லக் கேட்டார். மேல்வீட்டுச் சுவிஸ் பெடியனுக்காகவாம். பிறகு ஒரு தாய், கூட வேலை செய்பவரின் மகளுக்காக. ஒரு தகப்பன், பஸ்ஸில் தெரிந்த யாருக்கோ. பீலில் உள்ள சுவிஸ் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள் போலும்.

அதிபரிடம் திரும்பப் போனேன். மருந்து எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை, வகுப்பு முடிந்த பின் மாலையில் அதே கட்டடத்துக்கு வரும் சுவிஸ்காரருக்கு என்றேன். மனிதாபிமானம் என்று உடனே தலையாட்டினார்.

மருந்து வந்ததும் ஒரு தாதி செய்துகாட்டினார். அக்கா முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, வீட்டிலையும் ஒண்டு வைச்சிருக்கலாமோ? அந்தப் பெடியன் எங்களிட்டை அடிக்கடி வாறவன்."

"ஓமக்கா. டொக்டரிட்டைக் கேளுங்கோ. பெடியனோடையும் கதையுங்கோ."

"கதைக்கத்தான் பயமாக் கிடக்கு."

நவராத்திரிக்கு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். லிப்ட் இல்லாத கடைசி மாடி. அதற்கு மேல் கூரைதான்.

"அப்ப நானும் வாறன். உங்கட மகனையும் இருத்தி வைச்சு, மேல்வீட்டுப் பெடியனைப் பற்றிக் கதைப்பம்."

எப்போது வருவீர் என்று கேட்டார் அக்கா.